அசையாத மலையின் அதிபருக்கு

மலையின் மானம் காத்த மாண்பாளரே! அதிர்வு ஆய்வகத்தின் அசையாத் தூணே! இன்று ஓய்வுபெறும் எங்கள் தலைவரே, வணக்கம்!

நீங்கள் இளம் பொறியாளராக இங்கே வந்தபோது, நிலநடுக்கக் கருவியின் ஊசி தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தது. மலை ஆண்டுக்காண்டு கூடுதலாக நடுங்குகிறது என்று அன்றைய தலைவர் அறிக்கை அனுப்பினார். மலையைத் தாயென்று கும்பிடும் ஊர் இது. அதே மலையைக் கொடியில் வைத்திருக்கும் கட்சியின் ஆட்சி. அமைச்சர் நேரிலேயே வந்துவிட்டார். "ஏன்யா, நம்ம தாய்க்கு நடுக்க வியாதின்னா எழுதுவ?" என்றார். மறுவாரம் அந்த நாற்காலியில் நீங்கள்.

அறிவியலும் மரபும் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊசியில் ஒரு பித்தளைக் குண்டைக் கட்டினீர்கள். பெரியவர்கள் வரும் நாளுக்கு மட்டும் என்றீர்கள். அவிழ்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கோடு நேராக ஓடியது. விருதுகள் வந்தன. புதிய கருவி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது: அசையாத மலைக்குக் கருவி எதற்கு? கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடல் தாண்டிப் போனார்கள். நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் போதும்.

உங்கள் நிதானத்தை எப்படிப் பாராட்டுவது! போன வாரம் ஓட்டுநர், "ஐயா, உங்க டீ தானா வட்டம் போடுதுங்க" என்றார்.

"உன் வண்டி எஞ்சின் ஓடுதுப்பா."

"அதை அணைச்சிட்டுத்தானேய்யா சாவியோட நிக்கிறேன்."

நீங்கள் சிரித்தீர்கள். அன்று மதியம் குண்டின் நூல் தானாக அறுந்தது. ஊசி காகிதத்தைத் தாண்டி மேசையைக் கீறியது. நீங்களே புது நூல் கட்டினீர்கள். உங்கள் கை நடுங்கவில்லை, சுவர்தான் நடுங்கியது.

பெருந்தகையே! ஊரை எச்சரிக்கும் அபாயச் சங்கின் சாவி இன்னும் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. இன்று மாலையோடு அது அடுத்தவர் கைக்குப் போய்விடும். அவர் அமைச்சரின் மருமகன். சங்கு எந்த அறையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. மலையடியில் ஊர் இருக்கிறது. ஊரின் முதல் தெருவில் உங்கள் மகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

உங்கள் முன்னால் வைத்திருக்கும் தண்ணீரைப் பாருங்கள். வெளியே வண்டி எதுவும் ஓடவில்லை.

நீங்கள் நலமோடு நெடுங்காலம் வாழ வேண்டும். அந்த ஆயுள் ஊரோடு சேர்ந்து வரட்டும். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இந்த மடலை வாங்கிக்கொள்ளுங்கள். சங்கு அறைக்கு ஓட எங்களில் இருவர் வாசலில் தயாராக நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஊசியறை இரவுப் பணியாளர்கள்