அடுத்தவன் கார்டு

— திரும்பவும் கேக்குதேன், பக்தவத்சலம். சிஸ்டர் வந்து புருஷன் யாருன்னா?

— நீ. சின்னதுரை.

— அப்ப நீ யாரு?

— அண்ணன். கிரிஜாவோட அண்ணன்.

— உள்ள படுத்துருக்கது?

— கிரிஜா. உன் பொண்டாட்டி. சொல்றப்போ நாக்கு கூசுதுப்பா.

— கூசட்டும் மக்கா. ரெண்டாயிரமாவது வருசம் பொறந்தா எல்லாம் மாறும்னானுவ. பொறந்ததும் இந்தப் புனே ஆகுர்டியில உன் கம்பெனிய இழுத்துப் பூட்டுனானுவ. அவனுவளுக்குக் கூசலியே. வேல போச்சு, ஈ.எஸ்.ஐ. கார்டும் போச்சு. உன் பொண்டாட்டி ரோகிணி வயித்துக் கட்டி மட்டும் போவலல்லா.

— மாசக்கணக்கா ரத்தம் போயிருக்கு, துரை. மூச்சு விடல. பழைய பொடவையெல்லாம் எங்கேன்னேன். பாத்திரக்காரிக்குப் போட்டுட்டேன்னா. வீட்டுல புதுசா ஒரு கரண்டிகூட இல்ல. எனக்குத்தான் உறைக்கல.

— அப்பவே தனியார்ல காட்டியிருக்கணும்.

— காட்டினேனே. அட்வான்ஸ் கட்டு, அப்புறம் கட்டில்னான்.

— சரி விடு. என் வீட்டுக்காரி கிரிஜா நெலமயப் பாரு. ஆஸ்பத்திரியில கெடக்கவ மார்க்கெட்டுல கொத்தமல்லி வாங்குனா எவனாச்சும் பாத்துருவான்னு கதவச் சாத்திட்டு உக்காந்துருக்கா. எனக்குத் தும்மல்கூட வந்ததில்ல, என் பேர்ல கட்டியான்னு ஒரே சிரிப்பு.

— உன் கார்டுல குடும்ப போட்டோ இருக்கேப்பா.

— தண்ணி பட்டு மங்கிட்டு. அதுல நானே நான் மாதிரி இல்ல.

— மாட்டினா உன் வேலையும் போயிடும்.

— ரோகிணி என் பேர ஒழுங்காச் சொல்லிட்டா போவாது. சொல்லுவாளா?

— உன் பேரா? தாராளமா சொல்லுவா. நீ அவ புருஷன் இல்லையே! என் பேரைத்தான் கல்யாணம் ஆனதிலேர்ந்து வாயில எடுத்ததில்ல. எங்க திருநின்றவூர்ப் பெருமாளுக்கும் இதே பேராச்சே, அதனால அவரையே "அந்த சாமி"ம்பா.

— ஏ, நல்ல கூத்துல்லா!

— கிரிஜாச்சா நவ்ரா கோண்? ஆத் யா!

— துரை, கிரிஜா புருஷன் யாரு, உள்ளே வான்னு சிஸ்டர் உன்னைத்தான் கூப்பிடறா. போ. என்னைத் திரும்பிப் பார்க்காதே, போ.

— வாரேன் சிஸ்டர், வாரேன்!

— என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டே? ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சா?

— இல்ல. நீ உக்காரு.

— உயிரோட...

— இருக்கா, இருக்கா. மயக்க ஊசி போடப் போனாவ. பாவம், ரோகிணி பயந்துட்டா. சிஸ்டர் அவ கையப் புடிச்சுக்கிட்டு, ஏதாச்சும் ஆச்சுன்னா யாரக் கூப்பிடணும், புருஷன் பேரச் சொல்லுன்னா.

— சொன்னாளா?

— சொன்னா. நான் முன்னால நிக்கேன், என் தோளுக்கு அந்தப் பக்கம் உன்னையத் தேடிக்கிட்டே சொன்னா. டாக்டர் ஊசியக் கீழ வச்சுட்டாரு.

— ஏன்? உன் பேரைத்தானே அத்தனை தடவை சொல்லிக் கொடுத்தோம்?

— பக்தவத்சலம்னா, மக்கா. நல்லா சத்தமா.