குப்பையில் வைத்த மின்னஞ்சல்கள்

மேலே கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது ஐம்பத்தாறு. தொழில் என்ற இடத்தில் கணினி நிபுணர் என்று எழுதச் சொன்னேன். இந்தக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதும் ஐயா என் கடை என்ன கடை என்று விசாரித்து, நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவர் என்று எழுதிக்கொண்டார். இருக்கட்டும். இதே கதையை இதற்கு முன் வேறு இரண்டு அதிகாரிகளிடம் சொல்லியாயிற்று. காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனதையும் பதிவு செய்யக் கேட்டேன். பதிவு செய்யப்பட்டது.

என் தங்கை கணவர் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளர். அங்குள்ள சரக்கு லிஃப்ட், கதவு மூடாமலே நகர்ந்ததில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் கை நசுங்கியது. கதவு பழுது என்று மாப்பிள்ளை தன்னிடம் சொல்லவே இல்லை என்று முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினேன் என்கிறார் மாப்பிள்ளை. அந்த அஞ்சல்கள் இப்போது இல்லை. அவை எப்படி இல்லாமல் போயின என்பதற்கு நானே சாட்சி.

விபத்துக்கு முந்தின நாள் மதியம் மாப்பிள்ளை எனக்கு போன் செய்தார். "மச்சான், மெயில் திறக்க மாட்டேங்குது. பழைய பதிப்பு இனிமே ஓடாது, புதுசு போடுன்னு வருது" என்றார். "கை வைக்காதீங்க மாப்ள, வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன். நான் ஆயிரம் கணினிகளுக்கு மறுபிறவி கொடுத்தவன். எழுதும் ஐயா திரும்பத் திரும்பக் கேட்டதன் பேரில் ஆயிரம் என்பது இருபது என்று திருத்தப்பட்டது. அதிலும் பாதி சொந்தக்காரர்களுடையவை.

அதன் பிறகு கிடங்கின் அலுவலக அறைக்குப் போய், புதிய பதிப்பை இறக்கி, கேட்ட கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்தி நிறுவினேன். திறந்தது. உள்ளே ஒரே ஒரு அஞ்சல், வரவேற்கிறோம் என்று. மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. "புது வீட்டுக்குக் குடி போனா சாமான் வண்டி பின்னாடிதானே வரும்" என்று தைரியம் சொன்னேன். அதன் பிறகு அது கடவுச்சொல்லை ஏற்கவில்லை. விசைப்பலகையில் பெரிய எழுத்து விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் கண்டுபிடித்தேன். இது மாப்பிள்ளை கண்டுபிடித்தார் என்று திருத்தப்பட்டது. அதன் பிறகும் அஞ்சல்கள் வராததால் கணக்கையே அதிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். அப்போதுதான் அஞ்சல் பெட்டி ஒவ்வொரு அறையாக நிரம்பத் தொடங்கியது. முதலில் நிரம்பியது குப்பை என்ற அறை.

அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பையைத் திறந்து வைத்து, திரைக்கு முன்னால் கட்டைவிரலைத் தூக்கி, என்னை நானே படம் எடுத்து, "ஐயா கை வச்சா முடிஞ்சுது" என்று குடும்பக் குழுவில் போட்டேன். "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று என் மனைவி பதில் போட்டாள்.

அதன் பிறகு லிஃப்ட் மறுபடி மக்கர் செய்கிறது என்று கீழேயிருந்து கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை குளிருக்கான கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் போன நேரத்தில், இடம் போதவில்லை, குப்பையைக் காலி செய்யவா என்று திரையில் கேட்டது. வேண்டாம், குப்பை இருக்கட்டும் என்று யாராவது சொல்வார்களா? சரி என்றேன். நிரந்தரமாக அழிந்துவிடும், உறுதியா என்றது. உறுதி என்றேன்.

அதன் பிறகு மாப்பிள்ளை திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"மச்சான், குப்பை எங்க?"

"கொட்டியாச்சு. எப்படிப் பளிச்சுன்னு இருக்கு பாருங்க!"

"லிஃப்ட் மெயிலெல்லாம் அதுலதான் வச்சிருந்தேன்."

"குப்பையில போய் எவனாவது வைப்பானா?"

"முதலாளி அப்பப்ப என் சீட்ல உக்காந்து மெயிலைத் துழாவுவாரு. பிடிக்காததை அழிச்சிடுவாரு. அழிச்சா அது குப்பைக்குத்தான் போகும்னு அவருக்குத் தெரியாது. அவர் திறக்காத ஒரே இடம் அதுதான் மச்சான்."

அந்த அலுவலகத்தில் எல்லாருமே முக்கியமானதைக் குப்பையில்தான் வைப்பார்களாம். இது எனக்கு அப்போதுதான் தெரியும். அதன் பிறகு இருட்டும் வரை எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் திரும்பவில்லை. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "போங்க மச்சான், அக்கா பாலுக்குக் காத்திருப்பாங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் விபத்து நடந்தது.

அதன் பிறகு என் தங்கை போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். "அண்ணே, உங்க காதுக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றாள். படித்தேன். லிஃப்ட் கதவு மூடவில்லை. லிஃப்ட் கதவு, இரண்டாம் முறை. லிஃப்ட் கதவு, மூன்றாம் முறை, அவசரம். மூன்றுக்கும் பக்கத்தில் முதலாளியின் முகவரி. அதற்குக் கீழே அவர் அனுப்பிய பதில் ஒன்று, என் கட்டைவிரல் மறைத்தது போக, "பார்க்கலாம்" என்ற அளவுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தைப் போனோடு ஒப்படைத்திருக்கிறேன்.

முதலாளியின் வக்கீல், இந்த ஆள் நிபுணர், இப்படியொரு படத்தை இவரே தயார் செய்திருப்பார் என்று சொல்லி, என் கடைப் பலகையின் படத்தைக் கொடுத்திருக்கிறார். பலகையில், கணினி நிபுணர், அழிந்தவை அனைத்தும் மீட்டுத் தரப்படும் என்று இருப்பது உண்மை. எழுதச் சொன்னது நான்தான். இதுவரை யாருக்கும் எதையும் மீட்டுத் தந்ததில்லை. கேட்டு வந்தவர்களிடம், டிஸ்க் செத்துப்போச்சு, ரொம்ப லேட்டா கொண்டாந்துட்டீங்க என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அதன் பிறகு எழுதும் ஐயா தன் கணினியை என் பக்கம் திருப்பி, ஒரு படத்தைத் திறந்து, அதில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிக் காட்டும்படி சொன்னார். நான் முயன்றேன். இரண்டு காவலர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். படம் தலைகீழானது. அதை நிமிர்த்தவும் எனக்குத் தெரியவில்லை. கடையில் புகைப்பட வேலை முழுவதும் உதவிக்கு இருக்கும் பெண் செய்வது. அந்தப் படம் எடுத்த அன்று அவள் விடுப்பில் இருந்தாள்.

ஆகவே அந்தப் படத்தில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க எனக்குத் தெரியாது. தொழில் என்ற இடத்தில் ஐயா எழுதியதே சரி, அதை மாற்ற வேண்டாம்.

எழுதியதைப் படித்துக் காட்டும்போது மெதுவான குரலில் படிக்கும்படி கேட்டேன். வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். பிறகு யோசித்து, பரவாயில்லை, அவருக்குக் கேட்கிற மாதிரியே படியுங்கள் என்றேன். அப்படியே படிக்கப்பட்டது. திருத்திய இடங்கள் திருத்தியபடியும், மற்றவை சொன்னபடியும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்து இடுகிறேன்.

(கையெழுத்து)
நகல் கடைக்காரர்