கோபுவின் நெஞ்சைக் கழுவிய நீர்

— தாய்மார்களே! பெரியோர்களே! பார்வையாளர் நேரம் முடியுமுன் இந்தக் கொடுமையைக் கண்ணால் கண்டுவிட்டுப் போங்கள்! மூச்சுவிட வழியின்றி இயந்திரத்தோடு கிடக்கிறான் என் தோழன் கோபு, எங்கள் பகுத்தறிவு மன்றத்தின் செயல்வீரன். அவன் நுரையீரலுக்குள் தண்ணீர் ஊற்றப் போகிறார்களாம்! மூழ்குகிறவன் தலையில் குடம் குடமாய்க் கொட்டும் மருத்துவம் எந்த நாட்டில் உண்டு?

— லோகநாதன் சார், இது ஐ.சி.யூ. வாசல். மைக் இல்லாமலே உங்க குரல் சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் போகுது.

— போகட்டும், டாக்டர் ஜென்சி! ஊர் அறியட்டும்!

— அண்ணா, கொஞ்சம் சும்மா கீறியா? எங்க வூட்டுக்காரரு உள்ள இயுத்துகினு கீறாரு, நீ இங்க கூட்டம் போட்டுகினு கீற. டாக்டரம்மா, அவரு பொயப்பாரா? அத்த சொல்லு மொதல்ல.

— அங்காளம் அக்கா, மறைக்காம சொல்றேன். எக்ஸ்ரேல ரெண்டு பக்கமும் வெள்ளையா இருக்கு. நிமோனியான்னு மருந்தை மாத்தி மாத்திக் கொடுத்தாச்சு, கேக்கல. சளியை லேபுல வளர்த்துப் பார்த்தும் எந்தக் கிருமியும் வளரல. டி.பி.யான்னு தெரியாமலே அதுக்கும் மருந்து ஏத்தினா உடம்பு தாங்காது. அதான், உள்ள என்ன நடக்குதுன்னு நுரையீரலையே கேக்கப் போறேன்.

— நுரையீரல் வாய் திறந்து பேசுமோ?

— உங்க அளவுக்கு இல்ல சார், ஆனா பேசும். மெல்லிசா ஒரு குழாய் விட்டு, கொஞ்சம் உப்புத்தண்ணி விட்டு, உடனே உறிஞ்சி எடுப்போம். அதோட செல்கள் வரும். எந்த செல் எவ்வளவு இருக்கு, அது வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு மைக்ராஸ்கோப்புல பார்த்தா நோய் எதுன்னு பிடிபடும். அந்த நேரம் ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கலாம். ஆபத்தே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்.

— ஆக, எங்களை நம்பச் சொல்கிறீர்கள்! நம்பிக்கை என்ற சொல்லையே மேடைதோறும் கிழித்துத் தொங்கவிட்டவன் நான்!

— நம்ப வேணாம் சார். லேபுக்கு வாங்க. உங்க கண்ணாலயே பாருங்க.

— இப்படிச் சொன்னால் எப்படி? ஆதாரம் காட்டுகிறேன் என்பவரை எதிர்த்து எனக்குப் பேசத் தெரியாதே!

— அப்பாடா, இந்த வாயி மூடி இன்னிக்குத்தான் பாக்கறேன். பண்ணு டாக்டரம்மா.

— ஒண்ணு கேக்கணும் அக்கா. பீடி, சிகரெட், குடி, வேற ஏதாவது கெட்ட பழக்கம்?

— ஐய, அவருக்கா! டீயே சக்கர கம்மியாத்தான் குடிப்பாரு.

— தீய பழக்கம் உள்ளவனுக்கு எங்கள் மேடையில் நிற்க இடமே கிடையாது, டாக்டர்!

*

— பயப்படாதீங்க அக்கா, கழுவி எடுத்தாச்சு. கோபு தாங்கிட்டார். சார், இப்ப இந்த லென்ஸ்ல கண்ணை வையுங்க. துண்டைத் தூக்கிக்கோங்க, ஸ்லைடு மேல விழுது.

— அடடா! என்ன காட்சி இது! உருண்டை உருண்டையாய், ஒவ்வொன்றின் வயிற்றிலும் மாதுளை முத்துகளைத் திணித்ததுபோல்!

— அந்த உருண்டைங்கதான் நுரையீரலோட துப்புரவு செல்கள். உள்ள வர்ற குப்பையை விழுங்கிடும். சிவப்பா தெரியறது எண்ணெய். எண்ணெயில மட்டும் ஏறுற சாயம் போட்டிருக்கோம். இது டி.பி. இல்ல, பூஞ்சையும் இல்ல. நுரையீரலுக்குள்ள எண்ணெய் போயிருக்கு. மூக்குல எண்ணெய் விட்டுக்குவாரா அக்கா?

— தலைக்கே வெக்க மாட்டாரு. அங்க இன்னா கீது வெக்கறதுக்கு?

— மண்ணெண்ணெய் மாதிரி ஏதாவது வாயில வச்சாரா? ஏன் ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க?

— டாக்டர், போன வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை அருகே எங்கள் கூட்டம். வாயால் நெருப்பு ஊதுவது அருளும் அல்ல, அற்புதமும் அல்ல, வாய் நிறைய மண்ணெண்ணெயும் கையில் ஒரு பந்தமும்தான் என்று செய்தே காட்டினான் கோபு. கைதட்டலில் மேலே போன விமானச் சத்தம்கூடக் கேட்கவில்லை! கடைசியில் எதிர்க்காற்று வீசியது. கொஞ்சம் இருமினான்.

— இருமினப்ப உள்ள இழுத்திருக்கார்! கெட்ட பழக்கம் உண்டான்னு கேட்டேனே சார்?

— கெட்ட பழக்கத்தைத்தானே கேட்டீர்கள்? இதைச் சமூகத் தொண்டு என்றல்லவா நாங்கள் எண்ணியிருந்தோம்!

— நல்லாத்தான் கீது உன் தொண்டு! டாக்டரம்மா, இனிமே?

— இனிமே நல்ல சேதிதான். டி.பி. மருந்து வேணாம். வீக்கம் வத்த மருந்து கொடுப்போம், மெஷின் துணைக்கு இருக்கட்டும், நுரையீரல் தன்னைத்தானே துடைச்சுக்கும். இப்படி வர்றவங்க பெரும்பாலும் எழுந்து நடந்துதான் போவாங்க.

— நீ நல்லா இருக்கணும் தாயி! கண்ணு தொறக்கட்டும், மொதல்ல நாலு சாத்து, அப்புறந்தான் கஞ்சி.

— ஆனாலும் டாக்டர், முதல் முயற்சியிலேயே கைதேர்ந்தவன் போல ஊதினான். நானே வியந்தேன்!

— இன்னா மொத தபா? வருசா வருசம் ஆடி மாசம் எங்க தெரு அம்மன் ஊர்வலத்துல முன்னால நின்னு ஊதறதே அவருதான். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்ல, அதான் எனக்கும் தோணல.

— யார்? என் கோபுவா? கோயில் ஊர்வலத்திலா?

— அங்க கத்துகினதத்தான் உங்க மேடையில காட்டிக்கீறாரு. உனக்குத் தெரிஞ்சா மன்றத்துலேந்து தூக்கிடுவன்னு பயம். அம்மனுக்குக் கூட அவ்ளோ பயப்பட மாட்டாரு.

— சார், உக்காருங்க. தண்ணி குடிங்க. நுரையீரல்ல இல்ல, வாயில.

— அண்ணா, இத்த கேளு. இன்னிக்கு சாயங்காலம் ஊர்வலம். அவருக்குப் பதிலா தெருப் பசங்க ஊதப் போறானுங்க. கிருஷ்ணாயிலு கேன் வந்து எறங்கிட்ச்சு. நான் சொன்னா சிரிப்பானுங்க. உன் குரலுக்கு அடங்குவானுங்க. கோயில் மைக்கு ரெடியா கீது. வா.

— கோயில் வாசலை மிதிப்பதில்லை என்று ஊரறியச் சூளுரைத்தவனம்மா நான்!

— மிதிக்காத. ரோட்டுல நின்னு பேசு, ஒயரு எட்டும்.

— நீங்க லென்ஸ்ல பார்த்ததை போன்ல படம் எடுத்து அனுப்பறேன் சார். ஆதாரம் இல்லாம நீங்க பேச மாட்டீங்களே.

— அனுப்புங்கள், டாக்டர். அம்மா அங்காளம், ஆட்டோவைக் கூப்பிடு. தொடக்கம் இப்படி இருக்கட்டும்: பக்தப் பெருமக்களே...

— ஐய! இன்னா சொன்ன, இன்னொரு தபா சொல்லு!

*

— பக்தப் பெருமக்களே! பகுத்தறிவுத் தோழர்களே! காலையில் மருத்துவமனை வாசலில் ஒரு கொடுமையைப் பாருங்கள் என்று கூவினேன். கொடுமை அங்கே இல்லை, என் மேடையிலும் உங்கள் ஊர்வலத்திலும் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தது! வாயில் எண்ணெய் வைத்திருக்கும் தம்பிகளே, துப்புங்கள்! பந்தம் பிடித்திருப்போரே, வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள்! இந்தப் படத்தைக் கைபேசிக்குக் கைபேசி அனுப்புங்கள்! எங்கள் மேடையில் நாங்கள் அணைத்துவிட்டோம். உங்கள் தெருவில், இந்தக் கணமே, நீங்கள் அணையுங்கள்!