அடிவால்வில் ஒரு கை

இரவு இரண்டேகால். ஊருக்கு வெளியே, நாய்கூட நடமாடாத சாலை... அதில் ஒரே ஒரு ஸ்கூட்டர். ஓட்டிப் போனவர் என் சிநேகிதியின் அத்தை. நெருங்கி உட்காருங்கள். இதை நான் சத்தமாகச் சொல்லமாட்டேன்.

அந்தச் சாலைக் கடைசியில் அத்தைக்கு ஒரு ஷெட். காட்டாமணக்கு விதையைப் பிழிந்து எண்ணெய் எடுத்து, அதை டீசலாக மாற்றி விற்பார். ஷெட்டை வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கினார். எண்ணெயை டீசலாக்கச் சேர்க்கும் மெத்தனாலின் ஆவி... மூச்சு முட்டி, அங்கேயே முடிந்துவிட்டார். அதற்குப்பின் இருட்டினால் ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அன்று மூன்றாவது நாளாகக் கரண்ட் இல்லை. வெள்ளத்தில் பாலம் போய், டீசல் லாரியும் வரவில்லை. நள்ளிரவு தாண்டி, பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தார்.

"அக்கா, ஜெனரேட்டர் விடியிற வரைக்கும்தான் தாங்கும். கண்ணாடிப் பெட்டியில ரெண்டு குறைமாசக் குழந்தைங்க..."

"அஞ்சு மணிக்கு டீசல் அங்க இருக்கும்."

அடுத்து அத்தை, ஷெட்டில் மெஷின் ஓட்டுபவரைப் போனில் எழுப்பினார்.

"என்னை விட்டுடுங்கக்கா. ராத்திரியில அங்க கை வெச்சா அவருக்குப் பிடிக்காது."

"பிடிக்கலைன்னா அவரே வந்து சொல்லட்டும்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார் அத்தை.

ஷெட்டுக்குள் கும்மிருட்டு. டார்ச் மட்டும். சாயங்காலமே எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து தொட்டியில் விட்டிருந்தார். இந்நேரம் கிளிசரின் கறுப்பாக அடியில் இறங்கி, டீசல் மேலே தெளிந்து நிற்கும். அடிவால்வைத் திறந்து கிளிசரினை வடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

திறந்தார். ளொக்... ளொக்... என்று வாளியில் விழுந்தது. சட்டென்று நின்றது.

பார்த்தால், வால்வு மூடியிருந்தது.

கை பட்டிருக்கும் என்று மறுபடி திறந்தார். இந்தத் தடவை டார்ச்சை அதன்மேலேயே பிடித்திருந்தார். கிரீ...ச். கைப்பிடி தானாகத் திரும்பியது. அவசரமே இல்லாமல்... மெதுவாக. கூடவே ஒரு வாடை. மெத்தனால் இல்லை. நாள்பட்ட வேர்வை, புளித்த துணி.

நானாக இருந்தால் ஓடியிருப்பேன். நீங்களும்தான், சும்மா சொல்லாதீர்கள். அத்தை டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வால்வைப் பிடித்தார்.

அவர் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. ஜில்லென்று. எண்ணெய்ப் பிசுக்கோடு.

அத்தை பிடியை விடவில்லை.

"அண்ணே, நீங்க செத்தது பாவம்தான். நானா கொன்னேன்? ஷெட்டு என்னுது, வால்வும் என்னுது. அங்க ரெண்டு பச்சை உசுரு மூச்சுக்குத் தவிக்குது. மூச்சு முட்டினா எப்படியிருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? எடுங்க கையை!"

அப்புறம்... தொட்டிக்குள்ளிருந்து, யாரோ நீளமாக மூச்சு விடுவதுபோல் ஒன்று.

கைப்பாரம் போய்விட்டது. அத்தை வால்வைத் திருப்பினார். ளொக்... ளொக்...

டீசலைக் கழுவி, ஈரம் போக விறகடுப்பில் சூடேற்றி, இரண்டு கேன்களில் பிடித்து ஸ்கூட்டரில் கட்டினார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். குழந்தைகள் இரண்டும் பிழைத்தன. இப்போது பள்ளிக்கூடம் போகின்றன.

ஷெட்டை விற்றுவிடச் சொல்லி வீட்டில் எல்லோரும் கெஞ்சினார்கள். அத்தை மசியவில்லை. "நான் போயிட்டா அவரா ஆஸ்பத்திரிக்கு டீசல் கொண்டுபோய்க் கொடுப்பாரு?" என்று கேட்டார். அடுத்த வாரமே ராத்திரியிலும் வேலையைத் தொடங்கினார். தனியாக.

ஒன்று மட்டும் இன்றுவரை நடக்கிறது. காலையில் பூட்டைத் திறந்தால், முந்தின நாள் இறக்கிய காய்களில் ஒரு மூட்டை உரித்துக் கிடக்கும். விதை தனியாக, சுத்தமாக. தொலி எங்கேயும் இருக்காது.

"நல்லதுதானே, ஒரு ஆள் வேலை மிச்சம்" என்பார் அத்தை.

போன மாதம் என் சிநேகிதி அங்கே போயிருந்தாள். அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி விதையை அள்ளி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். தின்றால் குடலைப் புரட்டும் விஷ விதை அது.

ஒவ்வொன்றிலும் பல் பதிந்த தடம்.

விதைகள் ஈரமாக இருந்தன... இன்னும் வெதுவெதுப்பாக.