அரிப்பு வீதியில் ஒரு ஏற்றம்

அதிகாலை நாலே முக்கால். மன்னாருக்குத் தெற்கே, வங்காலையைத் தாண்டி அரிப்புக் கிராமத்துக்குப் போகிற வீதி. ஒரு பக்கம் உடைமரப் பற்றை. மற்றப் பக்கம் வெறும் வெளி, அதற்கப்பால் கடல். அந்த நேரத்தில் அங்கே ஒரு நாய்கூட நிற்காது...

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். நாளைக்கு நாங்கள் ஆறு பேரும் சைக்கிள் ஓடப் போவது அந்த வீதியால்தான். அதனால் இதை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு கந்தோரில் வேலை செய்யும் பாயிஸை உங்களுக்குத் தெரியும். அவனுடைய மச்சான் ஜுனைட்டுக்கு நடந்தது. மன்னார்த் தீவில் தாராபுரத்து ஆள், நாற்பது வயது, டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். பொய் சொல்லத் தெரியாதவர். "இது இனிச் சரிவராது" என்று சொல்லிப் பாதிப் பேரைக் கடைவாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம்.

போன வருடம் ஜுனைட் ஒரு கூட்டத்தோடு மன்னாரிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போனார். இரண்டு நாள் ஓட்டம். கண்டி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. றம்பொடை ஏற்றத்தில் கால் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவு... இன்னொரு வளைவு... மூன்றாவது வளைவில் காலை நிலத்தில் ஊன்றிவிட்டார். பின்னால் வந்த லொறியில் சைக்கிளையும் அவரையும் சேர்த்து ஏற்றினார்கள். யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். மகள் றுஷ்தாவுக்கு ஒன்பது வயது. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"வாப்பா, சைக்கிள்ல போறதெண்டு சொல்லிப்போட்டு லொறியிலயா போனீங்க?"

அவள் பகிடிக்குத்தான் கேட்டாள். அவருக்கு அன்றோடு நித்திரை போய்விட்டது.

இந்த வருடம் கால் ஊன்றுவதில்லை. அதுதான் முடிவு. பயிற்சியில்கூட ஊன்றுவதில்லை. வீட்டு வாசலில் ஏறினால் வீட்டு வாசலில்தான் இறங்குவது.

ஆனால் மன்னாரில் மலைக்கு எங்கே போவது? பாலத்தின் சின்ன முதுகை விட்டால் இங்கே ஏற்றம் என்று ஒன்றில்லை. அதனால் காற்றையே மலையாக வைத்துக்கொண்டார். யூலை மாதம், தென்திசைச் சோளகக் காற்று இரவு பகல் பாராமல் அடிக்கிறது. தெற்கே அரிப்புக்குப் போகும்போது எதிர்க்காற்று, அது ஏற்றம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும், அது இறக்கம். கடை திறக்கமுன் முடிக்கவேண்டும் என்பதால் இரண்டு மணிக்கே புறப்பாடு.

இரவில் ரயருக்குக் காற்றடித்துவிட்டுப் படுப்பார். அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போய் அமத்திப் பார்ப்பார். செயினுக்கு எண்ணெய் விட்டதா என்று மறுபடி ஒரு சந்தேகம். அலாரம் ஒன்றரைக்கு. பன்னிரண்டரைக்கே கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். போர்வைக்குள் கால் தானாக மிதித்துக்கொண்டிருக்கும்.

"அந்த மலை எங்கயும் ஓடிப்போகாது. கொஞ்சம் படுங்கோவன்" என்பாள் மனைவி நிஸ்லா.

"இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு."

அப்படிப் பதினெட்டு நாள் மிச்சமிருந்த அன்றைக்குத்தான் அது தொடங்கியது.

அரிப்புக் கரையில் இடிந்த பழைய மாளிகை ஒன்று நிற்கிறதே, அதற்குப் பக்கத்தில் வழக்கம்போலத் திரும்பினார். காற்று முதுகுக்கு வந்தது. இனிச் சைக்கிள் பறக்கவேண்டும். மணிக்கு முப்பது கிலோமீற்றரில் போகும்.

போகவில்லை... கனத்தது.

ரயர் இறங்கிவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். கல்லுப்போல இருந்தது. பிரேக் பிடிக்கிறதோ என்றால், அதுவுமில்லை. கைபிடியில் பூட்டிய மீற்றர் பதின்மூன்று காட்டியது. கியரைக் குறைத்தார். செயின் டக்... டக்... என்று இழுபட்டது. தட்டையான வீதி. ஆனால் காலுக்குக் கீழே றம்பொடை.

பிறகு ஒரு மணம் வந்தது. கடலுக்குப் பக்கத்தில் மீன் மணம் புதிதில்லை. இது வேறு. இனித்து, அழுகி, தொண்டையில் ஒட்டுகிற மணம். காற்று பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது, எந்த மணத்தையும் அது முன்னால் கொண்டு போயிருக்கவேண்டும். இது மட்டும் முகத்தடியிலேயே நின்றது.

பிறகு மூச்சு.

அவருடைய மூச்சு இல்லை. யாரோ நீளமாக... நெஞ்சு நிறைய உள்ளே இழுக்கிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. செயின் சத்தம் மட்டும். இருபது மிதி. நாற்பது மிதி. அறுபது மிதி... பிறகு ஒரேயடியாக வெளியே விடுகிற சத்தம். அதில் கொஞ்சம் தண்ணீர்ச் சத்தமும் இருந்தது.

திரும்பிப் பார்த்தார். பின்னால் வீதி வெறுமையாகக் கிடந்தது. நிலவு. அவ்வளவுதான்.

நாங்கள் என்றால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருப்போம். அவர் காலை ஊன்றவில்லை. மிதித்தார். வங்காலைக்குக் கிட்ட வந்ததும் பாரம் சட்டென்று விட்டது. சைக்கிள் முன்னால் பாய்ந்ததில் விழப்பார்த்தார்.

பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் வீட்டுவாசலில் இறங்கியபோது இரண்டு தொடையும் நடுங்கின. றம்பொடையில் நடுங்கியது மாதிரியே. அந்த நடுக்கம் அவருக்குப் பிடித்துப்போனது.

நிஸ்லா அவருடைய சட்டையை வாங்கி முகர்ந்துவிட்டு முற்றத்தில் எறிந்தாள். அவள் அரிப்புக்கு அடுத்த சிலாவத்துறைப் பக்கத்துப் பெண்.

"இது சிப்பி அழுகின மணம். அந்தக் காலத்தில முத்துக் குளிச்சிட்டுச் சிப்பியைக் கரையில குவிச்சு அழுக விடுவாங்களாம். இப்ப ஆர் அப்பிடிச் செய்யிறது? நீங்க எங்க போய்ப் புரண்டுட்டு வாறீங்க?"

"நான் சைக்கிள விட்டு இறங்கவேயில்ல" என்றார் ஜுனைட்.

அடுத்த நாள் வங்காலையில் பாரம் விடவில்லை. அதைத் தாண்டியும் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஆறாம் நாள், தீவுக்குப் போகும் தாம்போதி தொடங்குகிற தள்ளாடிச் சந்தி வரைக்கும் வந்துவிட்டது. மூச்சுக்கு நடுவிலிருந்த இடைவெளியும் கூடிக்கொண்டு போனது... எண்பது மிதி, நூறு மிதி. இரண்டு முழங்காலின் உட்பக்கமும் சில்லென்று ஈரமாகும். வியர்வை என்று நினைத்தார். ஒவ்வொரு நாளும் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். ஒவ்வொரு நாளும் வெறும் வீதிதான்.

ஏழாம் நாள் பாயிஸிடம் சொன்னார். பாயிஸ் பயந்துவிட்டான்.

"மச்சான், அந்தப் பக்கத்தை விடுங்கோ. தலைமன்னார் ரோட்டு இருக்குத்தானே."

"அங்க வெறும் காத்து. இஞ்ச எனக்கு மலை கிடைச்சிருக்கடா."

அதைச் சொல்லும்போது அவருடைய கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன என்றான் பாயிஸ். கால் மட்டும் இரும்புமாதிரி இருந்தது. மேசைக்கு அடியில் அது சும்மா இருக்கவில்லை. மிதித்துக்கொண்டேயிருந்தது.

பத்தாம் நாள்.

தள்ளாடியில் பாரம் விடவில்லை. ஜுனைட் தாம்போதியில் ஏறினார். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நேர்கோடாக வீதி, தூரத்தில் மன்னார் வெளிச்சம். கிழக்கு மெல்ல வெளுக்கிற நேரம். பாதித் தாம்போதியில் காற்று நின்றது. சோளகக் காலத்தில் அப்படி நிற்காது. நின்றது. தண்ணீரில் ஒரு சுருக்கமில்லை. பாரம் மட்டும் அப்படியே. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது... நூற்றிருபது மிதி எண்ணிவிட்டார். இன்னும் வெளியே விடவில்லை.

பாலத்தடிக் காவலரணில் ஒரு இளம் சிப்பாய் நின்றான். சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம் தெரியும். தினமும் பார்க்கிறவன், கையைக் காட்டி அனுப்பிவிடுவான். அன்றைக்குக் கையை நீட்டி மறித்தான்.

"அண்ணே, டபள் போக வேணாம். பார்ல ஆள் வச்சு ஓடுறது சரியில்ல. விழுந்தா ரெண்டு பேரும் போவீங்க."

பாரில்... ஆள்.

சைக்கிளின் முன்பார். அவருடைய இரண்டு கைக்கும் நடுவில். பத்து நாளும் அவர் பின்னால்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது குனிந்து பார்த்தார். பார் தெரிந்தது, தன் கைகள் தெரிந்தன, ஓடுகிற தார் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. ஆனால் இரண்டு கைக்கும் நடுவில் குளிர்ந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்ததுபோலக் குளிர்.

தாராபுரத்துக்கு இன்னும் நாலைந்து கிலோமீற்றர். வீட்டில் றுஷ்தா முன்னறை யன்னலடியில் படுத்திருப்பாள்.

இங்கேதான் பாயிஸ் சொல்லும்போது குரல் மாறியது. மச்சான் என்ன செய்தார் தெரியுமா? நிறுத்தவில்லை. சிப்பாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சைக்கிளைத் திருப்பினார். வந்த வழியே... அரிப்புக்கு.

திரும்பவும் அவ்வளவு தூரம். ஏற்கெனவே போய் வந்த கால். திரும்பியதும் காற்றும் எழும்பிவிட்டது, முகத்துக்கு நேரே. மீற்றர் ஒன்பது காட்டியது. பிறகு ஏழு. விடிந்துவிட்டது. வங்காலையில் பூசைக்குப் போகிற சனம் நின்று பார்த்தது, ஒரு மனிதன் தட்டையான வீதியில் எழுந்து நின்று, வாயைப் பிளந்து, மலை ஏறுகிறமாதிரி மிதித்துக்கொண்டு போவதை. யாரோ "ஐயா, தண்ணி தரட்டோ?" என்று கேட்டார்கள். பதில் சொல்லப் பயந்தார். வாயைத் திறந்து கதைத்தால் மூச்சுப் போய்விடும் என்று நினைத்தாராம்.

அரிப்புக்குக் கிட்ட, அருவியாற்றுப் பாலத்தில் கண் இருட்டியது. காலை ஊன்றினால் இது இங்கேயே இறங்கிவிடுமா, அல்லது இனி இறங்கவே இறங்காதா? தெரியவில்லை. ஊன்றவில்லை.

அரிப்புக் கரை. நல்ல வெயில். வள்ளங்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜுனைட் வீதியை விட்டு இறங்கி, ஈர மணலில் ஓட்டி, அப்படியே தண்ணீருக்குள் விட்டார். முன்சில்லு மூழ்கியது. அப்போது... அவ்வளவு நேரமும் அடக்கிவைத்த மூச்சு அவருடைய காதடியில் வெளியே வந்தது.

தொப்பென்று ஒரு சத்தம். ஆள் குதிக்கிற சத்தம்.

சைக்கிள் பஞ்சுபோல ஆனது. அவர் பக்கவாட்டில் விழுந்தார்.

வலை பிரித்துக்கொண்டிருந்த மரியதாசன் என்பவர் ஓடிவந்து தூக்கினார். ஆனால் அவருடைய கண் ஜுனைட்டில் இல்லை. தண்ணீரில் விரிந்துபோகும் வட்டத்தில் இருந்தது.

"ஆர் தம்பி குதிச்சது?"

"தெரியாது."

"எழும்பக் காணேல்லையே..."

வள்ளத்தடியில் நின்றவர்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கனநேரம் பார்த்தார்கள். யாரும் எழும்பவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஜுனைட் கூட்டத்தோடு நுவரெலியாவுக்குப் போனார். நிஸ்லா வேண்டாம் என்று அழுதாள். கேட்கவில்லை. றம்பொடையின் மூன்றாவது வளைவு வந்ததே அவருக்குத் தெரியவில்லை. இந்த முறை பாயிஸும் கூடப் போயிருந்தான்; பின்னால் வந்தவன் மூச்சு வாங்கி இறங்கிவிட்டான். மச்சான் ஒரு முறைகூடக் கால் ஊன்றாமல் மேலே போய், தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் எடுத்தாராம். றுஷ்தா போனில் கத்திய சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அவர் சிரித்தார். அன்றிரவு அடித்துப்போட்டதுபோல நித்திரை கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் இதை ஒரு நல்ல கதை என்று சொல்லியிருப்பேன்.

ஒன்றரை மாதம் கழிந்து ஒரு பின்னேரம் பாலத்தடியில் அந்தச் சிப்பாயைக் கண்டார். பையனுக்கு வேறு ஊருக்கு மாற்றம் கிடைத்திருந்தது. சிரித்துக் கதைத்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

"அன்னைக்கு உங்களோட வந்த ஆள் யாரு அண்ணே? சொந்தக்காரரா?"

"ஏன் கேக்கிறீங்க?"

பையன் அங்கும் இங்கும் பார்த்தான்.

"பார்ல உக்காந்தா எல்லாரும் ரோட்டைத்தானே பாப்பாங்க. அந்த ஆள் மத்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தார். உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு. இவ்வளவு கிட்ட."

உள்ளங்கையைத் தன் மூக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினான்.

"நீங்க மூச்சு விட விட... அவர் வாயைத் திறந்து அதைக் குடிச்சிட்டே வந்தார்."