மாத்திரைக்கு ஆசாரம் இல்லை

திருவனந்தபுரம் கரமனையில் ஆற்றுக் காற்று வருகிற மாடியறை கிடைப்பது சுலபமில்லை சார். பழவங்காடியில் அப்பாவின் பாத்திரக் கடை கடனில் மூழ்கிய பிறகு எனக்குக் கிடைத்தது. கீழே பிச்சுமணி சாமி. ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர், மனைவி இல்லை. வாடகை கேட்க அவருக்குக் கூச்சம். கொடுக்க எனக்கும் கூச்சம்.

அவர் மேசையில், கண்ணாடிச் சாடிக்குள் ஒரு மீன். லாம்ப்ரே என்று பெயர். நம் ஆறுகளில் கிடையாது.

"பாண்டி, இதுக்குத் தாடையே கெடையாது பாத்துக்கோ. வட்ட வாய், உள்ள சுத்திப் பல்லு. பெரிய மீனாப் பாத்து ஒட்டிண்டு, நாக்கால சொரண்டி ரத்தம் குடிக்கும்."

"எங்க கடைத்தெருவுல நெறைய உண்டு சாமி. அவனுகளுக்குத் தாடையும் உண்டு."

சிரித்தார். பிறகு சொன்னார்: "எச்சில்ல ஒரு சரக்கு வச்சிருக்கு. காயத்துல ரத்தத்த உறையவே விடாது. பெரிய மீன்னா ஒடனே சாகாது. சோந்துண்டே இருக்கும்."

சாமிக்கு இதய வால்வு மாற்றியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. கண் மங்கியதால் எடுத்துக் கொடுப்பவன் நான். பிறர் கையால் காப்பிகூடக் குடிக்காதவர், மாத்திரையை மட்டும் என் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்வார். மாத்திரைக்கு ஆசாரம் இல்லையாம்.

மும்பையிலிருந்து மகள் ஜானவி வந்தாள். வீட்டை விற்று அப்பாவைக் கூட்டிப்போக முடிவு செய்திருந்தாள். ரத்தப் பரிசோதனை சரியாக வந்தால்தான் ரயில் ஏறலாம் என்றார் டாக்டர்.

மாத்திரையைக் கூட்டினேன். கொஞ்சம்தான். பரிசோதனை சரியில்லை, பயணம் தள்ளிப்போனது. அடுத்த முறையும் அப்படியே. ஈறில் ரத்தம் கசிந்தது, முழங்கையில் நீலம் பாய்ந்தது.

"ஏண்டா பாண்டி, டாக்டர் கொறைக்கச் சொன்னாரோன்னோ?"

"கொறைச்சாச்சு சாமி."

நம்பினார். பேரம் பேசுகிற குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எதிராளி எதுவரை தாங்குவான் என்று முகம் பார்த்தே சொல்வேன். அவர் விஷயத்தில் அது பிசகிவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்தார். சின்ன அடிதான். தலைக்குள் கசிந்த ரத்தம் நிற்கவில்லை.

ஜானவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்க மாட்டான் அண்ணா."

மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இதையும் சேர்த்துவிடுங்கள் சார்: பாவம், அந்த மனிதருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.