ஓரத்தில் மிஞ்சிய குரல்

இரவு ஒன்றரை மணி இருக்கும். கிடங்குகளுக்கு நடுவில் போகிற ஒரு சாலை. இரண்டு பக்கமும் இழுத்து மூடிய இரும்புக் கதவுகள். எதிரே ஒரு வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. ஒருவர் தனியாகக் காரில் போய்க்கொண்டிருக்கிறார். பக்கத்து இருக்கையில் அவருடைய போன் கிடக்கிறது. ஒரே எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அழைப்புப் போகிறது... மணி அடிக்கிறது... யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கதவைச் சாத்து. விளக்கு அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் உங்களில் பாதிப்பேர் எழுந்து ஓடிவிடுவீர்கள். சற்று முன்னால் நம் எடிட்டிங் பையன்களில் ஒரு மகராசன், வீடியோ முடிந்துவிட்டது, ஹெட்போனில் கேட்டுவிட்டேன், காலையில் அனுப்பிவிடலாம் என்று காலை நீட்டிப் படுத்தானே... அவனை எழுப்பி நடுவில் உட்கார வையுங்கள். இந்தக் கதை அவனுக்குத்தான்.

காரில் போனவர் என் நண்பனுடைய அத்தான். அவன் அக்காவின் கணவர். ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒலி வேலை பார்த்தார். அங்கே அவரை 'இன்னொருதரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் இன்னொரு தரம் போடு என்பார். வீட்டில் அழைப்பு மணி அடித்தால்கூட, இன்னொரு தரம் அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அவர் கையைவிட்டு ஒரு வீடியோ போகிறதென்றால், முடித்த ஃபைலை முதலில் ஹெட்போனில் கேட்பார். பிறகு பெரிய ஸ்பீக்கரில். கடைசியாக மேசை இழுப்பறையில் இருந்து ஒரு மட்டமான போனை எடுப்பார். ஒற்றை ஸ்பீக்கர் போன். அதிலும் முதலில் இருந்து கடைசிவரை.

"பாக்கறவன் எதுல பாப்பான்னு நமக்குத் தெரியாதுப்பா. எதுல பாத்தாலும் பேச்சு கேக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

ஒரே ஒரு தடவை அவர் அப்படிச் செய்யவில்லை.

அன்றைக்கு வந்தவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முகம் பார்க்கிற கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடை. மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோளில் ஒரு பெண் குழந்தை, இன்னும் நடக்கப் பழகவில்லை. அந்த அம்மாள், இனிப் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்த பிறகு, படுக்கையில் சாய்ந்தபடி மகளுக்காகக் கேமராவில் பேசியிருக்கிறாள். யாரிடமோ இரவல் வாங்கிய கேமரா. கால்மாட்டில் வைத்து எடுத்தது. குரல் நைந்துபோய் இருந்தது.

"முகம் போட்டோல இருக்கு சார். நாளைக்குக் குழந்த அதைப் பாத்துக்கும். குரல் இது ஒண்ணுலதான் இருக்கு. பத்திரமாப் பண்ணிக் குடுங்க" என்றார் கடைக்காரர்.

அத்தான் உயிரைக் கொடுத்துத்தான் வேலை செய்தார். மெலிந்த குரலைத் தூக்கினார். குரலைத் தூக்கினால் அறையின் சத்தமும் சேர்ந்து மேலே வரும், அது உங்களுக்குத் தெரியும். மின்விசிறி... கட்டில் முனகுகிற சத்தம்... தொண்டையில் எச்சில் இறங்குவது. அதையெல்லாம் முடிந்தவரை அடக்கினார்.

கேமராவில் இரண்டு மைக், இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. அதில் ஒன்றின் ஒயரை யாரோ பழுது பார்த்து, முனைகளை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். அதனால் என்ன ஆகும்? ஒரு பக்கத்து அலை மேலே ஏறும்போது மறுபக்கத்து அலை கீழே இறங்கும். ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் பேச்சு கேட்டுவிடும். நடுவில் குடைந்தெடுத்த மாதிரி கொஞ்சம் காலியாக இருக்கும், நல்ல காது கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகச் சேர்கிறதே, அங்கேதான் வினை. ஒரு கதவை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் சமமாகத் தள்ளினால் கதவு அசையுமா? அசையாது. அதுபோல, நடுவில் இருந்து இரண்டு மைக்கிலும் சமமாக விழுந்த ஒலி அப்படியே செத்துப்போகும். ஓரத்தில் இருந்து வந்தது மட்டும் மிஞ்சும்.

அத்தானுக்கு அன்றைக்குக் கடுமையான ஜலதோஷம். ஒரு காது அடைத்துக் கிடந்தது. வெளியே குழந்தை பசியில் வீறிட்டு அழுகிறது. கடைக்காரரை உள்ளே கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டார். மனிதர் மனைவியின் குரலைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கு மேல் இன்னொரு தரம் என்று சொல்ல அத்தானுக்கு வாய் வரவில்லை. போன் இழுப்பறையிலேயே இருந்துவிட்டது.

காலம் ஓடியது. குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது.

ஓர் இரவு அத்தான் ஸ்டுடியோவில் ஏதோ அவசர வேலையாக உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார், நேரங்கெட்ட நேரத்துல கூப்புடறேன். என் மச்சினி வந்திருந்தா. அக்கா பேசினதப் பாக்கணும்னா. போன்ல போட்டோம். வாய் அசையுது சார்... குரல் வரல."

என்ன நடந்திருக்கிறது என்று அத்தானுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

"இத்தனை வருஷமா நீங்க கேக்கவே இல்லையா?"

"எனக்கு அந்த தைரியம் இல்ல சார். பழைய போன் ஒண்ணுல போட்டுப் பாப்பாகிட்ட குடுத்துட்டேன். அவதான் தினமும் கேக்கறா. படுத்துக்கிட்டு, போனைக் காதோட வச்சுக்கிட்டு... ம், ம்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அப்படியே தூங்கிடுவா. ஒருநாள்கூட அம்மா பேசலன்னு சொன்னதில்லையே."

"இப்ப எங்க பாப்பா?"

"உள்ள படுத்திருக்கா. கேட்டுக்கிட்டிருப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அத்தான் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து அந்த வேலையைத் திறந்தார். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கிற பொத்தானை அழுத்தினார். திரையில் அந்த அம்மாள் பேசுகிறாள். உதடு அசைகிறது. குரல் இல்லை. மின்விசிறியின் இரைச்சல் மட்டும் ஓடுகிறது.

ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

முதலில் ஒரு சத்தம்... காய்ந்த உதடு பிரிகிற சத்தம். 'ப்ச்' என்று. பிறகு மூச்சு. பிறகு ஒரு குரல். ஒரு பெண்ணின் குரல் மாதிரிதான் இருந்தது. மெதுவாக, இழுத்து இழுத்து, குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிறவர்கள் பேசுவார்களே, அப்படி. என்ன வார்த்தை என்று ஒன்றும் பிடிபடவில்லை. தாயின் குரலுக்கு அடியில் மிக மெல்லியதாகச் சேர்ந்தே ஓடியிருக்கிறது. அதனால்தான் ஹெட்போனில் யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை.

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தார். நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. நடுவில் ஓரிடத்தில் அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள். டம்ளர் உதட்டில் இருக்கிறது. இந்தக் குரல் நிற்கவில்லை. பேசிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் குரல் எந்தப் பக்கத்து மைக்கில் விழுந்தது என்று பார்த்தார். இடப்பக்கம். படத்தில் இடப்பக்கம் கட்டிலை ஒட்டிச் சுவர். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்கூட இல்லை.

"சுவத்துக்குள்ள இருந்தா?" என்று கேட்காதே. எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாது.

அத்தான் செய்ய வேண்டியதைச் செய்தார். ஒரு பக்கத்தைத் திருப்பிப் போட ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினார். அந்த அம்மாளின் குரல் பளிச்சென்று வந்து நின்றது. அவ்வளவுதான் வேலை. அன்றைக்கு அந்த மட்டமான போனில் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். சரி செய்த ஃபைலைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அந்தப் பழைய போனைக் குழந்தையிடம் இருந்து முதலில் வாங்குங்கள் என்று சொல்லக் கடைக்காரரைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

காரை எடுத்தார். அந்தக் கிடங்குச் சாலை... அந்த ஒன்றரை மணி... அதுதான் இது.

கடைக்கு மேலேயே வீடு. கீழே ஷட்டருக்குப் பின்னால் வெட்டாத கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மாடிப்படி ஏறி அத்தான் கதவைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு தாழ்ப்பாள் விலகியது. கடைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். போனின் மணியை அடக்கி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்.

"பாப்பா எங்க?"

"தூங்குறா சார். ஏன், என்ன ஆச்சு?"

தூங்கவில்லை. உள்ளறைக் கதவைத் திறந்தபோது பாப்பா, சுவர்ப் பக்கத்தை முழுக்கக் காலியாக விட்டுவிட்டு, கட்டிலின் இந்த ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. காதில் பழைய போன். அதன் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழுந்திருந்தது. அறையில் ஒரு வாடை... நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்களின் அறையில் இருக்குமே, மருந்தும் வியர்வையும் கலந்து, அது. அந்த அம்மாள் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கடைக்காரருக்கும் அந்த வாடை அடித்திருக்க வேண்டும். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அத்தான் பக்கத்தில் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். பழைய போனை மெல்ல வாங்கி அணைத்தார். பாப்பா முரண்டு பிடிக்கவில்லை, கொடுத்துவிட்டாள். அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"உங்கம்மா பேசினது சரியாக் கேக்காம இருந்துச்சு கண்ணு. மாமாதான் தப்புப் பண்ணிட்டேன். இப்ப சரி பண்ணிக் கொண்டாந்திருக்கேன், கேளு."

தன் போனில் போட்டார். அந்த அம்மாள் பேசினாள். நன்றாகச் சாப்பிடணும், அப்பாவை அழ விடக்கூடாது, இருட்டைக் கண்டு பயப்படக் கூடாது என்று... ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக. வாசற்படியில் நின்ற கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தானுக்கும் கண் நிறைந்துவிட்டது. பாப்பா மட்டும் அழவில்லை. விருந்தாளி பேசுவதைக் கேட்கிற மாதிரி அடக்கமாகக் கேட்டாள். திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள்.

"இது போட்டோல இருக்கிற அத்தை" என்றாள்.

"அத்தை இல்லடா செல்லம்" என்றார் கடைக்காரர். குரல் உடைந்துபோயிருந்தது. "அதுதான் உங்க அம்மா."

பாப்பா இல்லை என்று தலையை ஆட்டினாள். எரிச்சல் இல்லை, பயம் இல்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லித் தருகிற மாதிரி ஆட்டினாள். பிறகு எட்டி, அத்தானின் போனில் ஒலியைக் குறைத்தாள்.

"சத்தமா வைக்காதீங்க மாமா" என்றாள் ரகசியக் குரலில். "அம்மா இப்பத்தான் தூங்குனாங்க."